பழைய றேடியோவில் கழற்றிய எந்த ரான்சிஸ்டரும், கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலுக்குச் சரிவருமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிற்றார் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "பழைய றேடியோவில் உலோகக் கூட்டோடு இருக்கிற ரான்சிஸ்டர் எல்லாம் ஜேர்மானியம். எதைக் கழற்றிப் போட்டாலும் 1966ஆம் ஆண்டு ஃபஸ் ஃபேஸ் சத்தம் வரும்." இது பிழை. (ஃபஸ் ஃபேஸ் அந்தக் காலத்து ஃபஸ் பெடல் ஒன்று. ஜேர்மானியமும் சிலிக்கனும் ரான்சிஸ்டர் செய்யும் இரண்டு பொருட்கள்.)

பிசி108 என்ற ரான்சிஸ்டரும் உலோகக் கூடுதான், ஆனால் சிலிக்கன். ரான்சிஸ்டருக்கு பேஸ், எமிற்றர், கலெக்டர் என்று மூன்று கால்கள். மல்ற்றிமீற்றரை டயோட் நிலையில் வைத்து பேஸுக்கும் எமிற்றருக்கும் இடையில் பாருங்கள். ஜேர்மானியம் 0.2, 0.3 வோல்ற் அளவில் காட்டும், சிலிக்கன் 0.6க்கு மேல்.

ஃபஸ் ஃபேஸில் முதலில் இருந்தது என்கேடி275 என்ற ஜேர்மானிய ரான்சிஸ்டர், பிஎன்பி வகை. ஏசி128 நல்ல மாற்று. ஏசி127 ஜேர்மானியம் என்றாலும் என்பிஎன், அதாவது மின்முனைகள் எதிர்மாறான வகை. பற்றரி முனைகளையும் முனையுள்ள மின்தேக்கிகளையும் திருப்பிப் போடாமல் அந்த இடத்தில் வேலை செய்யாது. தரவுத்தாளில் இதை யாரும் பார்க்கலாம்.

பெரிய சிக்கல் கசிவு மின்னோட்டம், அதாவது பேஸுக்கு ஒன்றும் கொடுக்காதபோதும் ரான்சிஸ்டருக்குள்ளால் ஓடும் மின்னோட்டம். கசியும் ரான்சிஸ்டரின் பெருக்கத்தை மீற்றர் கூட்டித்தான் காட்டும், அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பேஸை ஒன்றோடும் தொடுக்காமல், கலெக்டரில் 2.4 கிலோ ஓம் தடை வைத்து 9 வோல்ற் கொடுங்கள். தடையின் குறுக்கே 0.24 வோல்ற் வந்தால் கசிவு 100 மைக்ரோ அம்பியர். அதைவிட மிக அதிகமென்றால் விட்டுவிடுங்கள். சூட்டில் கசிவு கூடும். வன்னியின் சித்திரை வெயிலில், காலையில் நன்றாக இருந்த பெடல் மத்தியானம் கம்மிப்போவது இதனால்தான்.

தயவுசெய்து அந்தத் தகவலை இனி அனுப்பாதீர்கள். இடம்பெயர்வுகளுக்குத் தப்பி வந்த அப்பப்பாவின் றேடியோவை அதை நம்பி உடைக்காதீர்கள்.