பட்டன் இருந்தால் மட்டும் போதாது

பழைய வேன் வைத்திருப்பவர்கள் டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி, டயரின் வயசையும் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஆம்னி வேன். சமையல் பாத்திரம் ஏற்றத்தான் ஓடும், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா நிற்கும். போன வருஷம் பின்பக்க டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் தலைமுடி போல வெடிப்பு, ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். டார்ச் அடித்துப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டிஓடி (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அதாவது தயாரித்த தேதி, 1413. 2013ஆம் வருஷம் 14வது வாரம் செய்தது!

மாற்றப் போனால் கடைக்காரர், "இதுவும் 12 இன்ச்தான் சார், விலை கம்மி" என்று மாருதி 800 டயரை எடுத்து வைத்தார். ரிம்மில் உட்காரும், சரி. சுமை யார் தாங்குவது? ஆம்னிக்கு வேண்டிய டயர் 145 ஆர்12 எல்டி, 6பிஆர் (சுமை தாங்கும் பலத்தைக் காட்டும் எண்). அந்த எல்டி என்பதே சரக்கு வண்டி வகை டயர் என்பதற்கான குறி. வேறு கடையில் அதையே கேட்டு வாங்கினேன். அங்கேயும் முதலில் எடுத்து வந்தது மூன்று வருஷப் பழைய சரக்கு, தேதியைக் காட்டியதும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம், ஸ்டெப்னியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். என்னுடையது வண்டியோடு வந்தது, அதே 2009.