பழைய கேம் ஓடாது என்று முடிவு கட்டாதீர்கள்

போன மாதம் ஒரு பெரியவர் பழைய சிபியூ ஒன்றை ஆட்டோவில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பென்டியம் 4 மெஷின். கேபினெட்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒட்டடை. மதர்போர்டில் நாலு கெப்பாசிட்டர் உப்பிப்போய் நின்றது, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எப்போதோ போய்விட்டது. “இதுக்குச் செலவு பண்றது வீண் சார்” என்று சொன்னேன்.

“சரி பண்ண வேண்டாம் தம்பி. இதுல ஒரு பந்து விளையாட்டு இருந்துச்சு. அதை மட்டும் இந்தப் புது லேப்டாப்புல ஏத்திக் குடுங்க. ரெண்டு கடையில கேட்டேன், அதெல்லாம் இப்ப வராது சார்னு அனுப்பிட்டாங்க.”

அவர் கேட்டது பின்பால். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் வலது ஓரமாகப் பந்து சீறிக்கொண்டு மேலே போகுமே, அதேதான்.

“அதெல்லாம் இப்ப வராது.” இந்தப் பதிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பதினேழு வருடமாக சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன். என் அனுபவத்தில் இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து 11-க்கு மாறுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். பழைய டிரைவில் ஒரு கேம் ஃபோல்டர் கிடக்கும். வைத்திருக்கவா என்று கேட்டால், “எங்க ஓடப்போகுது, அழிச்சிருங்க” என்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

பின்பாலையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதியது மைக்ரோசாஃப்ட் இல்லை, சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம். 1995-ல் மேக்சிஸ் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்’ என்ற கேமில் மூன்று மேசைகள் உண்டு. அதில் ஒன்றுதான் நாம் விளையாடியது. எக்ஸ்பி வரை கூடவே வந்த அந்த கேம் அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் காணாமல் போனது. ஏன் என்று மைக்ரோசாஃப்டில் வேலை செய்த ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். கேமை 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு (பிராசசர் ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவுதான் இந்த பிட் கணக்கு) மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு போனதாம். வெளியார் எழுதிய புரோகிராம் கோடு (code), உள்ளே விளக்கக் குறிப்பே கிடையாது. எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. மாற்ற வேண்டிய வேலை இன்னும் மலைபோல் கிடந்ததால் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனால் எக்ஸ்பியோடு வந்த 32 பிட் பின்பால் இன்றைக்கும் விண்டோஸ் 11-ல் ஓடுகிறது. பழைய சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் என்டி, அதற்குள் பின்பால் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே புது மெஷினுக்குக் காப்பி செய்து டபுள் கிளிக் செய்தால் போதும். இரண்டு கடைக்காரர்கள் “வராது” என்று சொன்ன வேலை இவ்வளவுதான். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு ரசிகர் இந்த கேமை உள்ளே பிரித்துப் பார்த்து, முழுக் கோடையும் திரும்ப எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறார். அதனால் இப்போது லினக்ஸிலும் மேக்கிலும் கூடப் பின்பால் ஓடுகிறது.

எது ஓடும், எது ஓடாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 32 பிட் கேம் என்றால் நம்பிக்கை உண்டு. 16 பிட் என்றால் நேரடியாக ஓடாது. பிராசசர் 64 பிட் முறையில் இயங்கும்போது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்காக வைத்திருந்த தனி வசதி வேலை செய்யாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்தது, அதில் 16 பிட் புரோகிராம்களை ஓட்ட வழி இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 95, 98 காலத்து சிடிக்கள் பலவற்றில் கேம் 32 பிட்டாக இருக்கும், செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்டப்பை கிளிக் செய்ததும் “இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது” என்று வரும். உடனே சிடியை ஓரம் கட்டிவிடுவார்கள். பல நேரம் கேமுக்கு ஒரு குறையும் இருக்காது. சிடிக்குள் இருக்கும் ஃபைல்களை நேராக எடுத்துப் போட்டோ, அந்த செட்டப்புக்கென்றே ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் மாற்று செட்டப்பைக் கொண்டோ ஓட வைத்துவிடலாம்.

டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. 2002-லிருந்து வரும் இலவச மென்பொருள். பழைய பிராசசர், பழைய சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் அது தானே நடித்துக் காட்டும். இங்கே பிரச்சினை வேகம்தான். அந்தக் காலத்து கேம்கள் சிலவற்றில் பிராசசரின் வேகமே கடிகாரம். வேகமான பிராசசரில் போட்டால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டர்போ பாஸ்கல் என்ற பழைய கருவியில் எழுதிய புரோகிராம்களுக்கு வந்த கதி இன்னும் மோசம். தொடங்கும்போது மெஷின் எவ்வளவு வேகம் என்று ஒரு சுழலை ஓடவிட்டு அது எண்ணிப் பார்க்கும். பிராசசர் ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் கணக்கின் விடை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்காமல், ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிடும். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். இந்த இரண்டு பட்டன் தெரியாமலேயே டாஸ்பாக்ஸ் சரியில்லை என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

விண்டோஸ் 7-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ போட்டவர்களுக்குப் புல்வெளி ஊதாவும் சிவப்புமாகத் தெரிந்தது நினைவிருக்கும். அந்த கேம் மொத்தமே 256 நிறத்தில் ஓடுவது. அந்த நிறப் பட்டியலில் டெஸ்க்டாப்பும் கை வைத்ததால் வந்த குழப்பம் அது. ஸ்கிரீன் ரெசல்யூஷன் விண்டோவைத் திறந்து வைத்துவிட்டு விளையாடினால் நிறம் சரியாகிவிடும். பார்ப்பதற்கு மாந்திரீகம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்தது. இன்றைக்கு சிஎன்சி டிடிரா, டிஜிவூடூ மாதிரி சிறு சிறு இலவசக் கோப்புகள் இதைப் பார்த்துக்கொள்கின்றன.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கம்ப்யூட்டருக்கு வந்தது 2005-ல். அதில் ஸ்கிம்மர் என்று தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு அந்த விமானம் மட்டும் கேமிலிருந்து காணாமல் போனது. குறுக்கு வழியில் அதை வரவழைத்தால் ஆளையும் சேர்த்து வானத்துக்குத் தூக்கி எறிந்தது. அப்டேட்தான் கேமைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சைலண்ட் என்ற பெயரில் பல வருடமாகப் பழைய கேம்களுக்கு பேட்ச் (பிழை திருத்தும் சிறு கோப்பு) எழுதிவரும் ஒருவர் உட்கார்ந்து தோண்டினார்.

அவர் கண்டுபிடித்தது இது. வண்டிகளின் விவரமெல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக எழுதியிருக்கும். முந்தைய கேமான ‘வைஸ் சிட்டி’யில் ஸ்கிம்மரைப் படகுக் கணக்கில் வைத்திருந்தார்கள். படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியவர்கள் சக்கர அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். கேம் அந்த வரியைப் படிக்கும்போது, எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதனால் மெமரியில் அதே இடத்தில் ஏற்கெனவே கிடந்த எண்ணை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய வரியில் இருந்த டாப்ஃபன் வேனின் சக்கர அளவு, 0.7. போன பீரியட் வாத்தியார் போர்டில் எழுதிவிட்டுப் போனதை அழிக்காமல் அடுத்த பாடத்துக்குப் பயன்படுத்திய மாதிரி. கிட்டத்தட்ட 20 வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. புது அப்டேட்டில் விண்டோஸ் தன் உள் வேலைக்கு அந்த மெமரியைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தத் தொடங்கியது, அவ்வளவுதான். போர்டு அழிந்துவிட்டது. சக்கர அளவு ஏதோ ஒரு பேயெண்ணாக மாறியது, விமானம் விண்வெளிக்குப் போனது.

எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கதை இது எனக்கு. சம்பளம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு கேமில் ஒரு விமானம் காணவில்லை என்பதற்காக ஒரு மனிதர் மெமரியின் அடி வரைக்கும் இறங்கிப் போய், எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியும் வைத்தார். பழைய கேம்கள் இன்றைக்கு ஓடுகின்றன என்றால் இப்படிப்பட்டவர்களால்தான்.

விண்டோஸ் மாதிரி ஓஎஸ் எழுதுகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ‘சிம்சிட்டி’ கேமில் ஒரு பிழை இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியையே மறுபடி படிக்கும். பழைய விண்டோஸில் அது தெரியவில்லை, விண்டோஸ் 95-ல் கேம் நின்றுவிடும் நிலை. மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மெமரியை உடனே பிடுங்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். அந்த கேமை விண்டோஸுக்கு எழுதியவர் சொன்னதாக, மென்பொருள் பற்றி எழுதும் ஜோயல் ஸ்போல்ஸ்கி இதை எழுதியிருக்கிறார். கேம் வாங்கியவனுக்குப் பிழை யாருடையது என்பது முக்கியமில்லை, நேற்று ஓடியது இன்றைக்கும் ஓட வேண்டும். அந்தப் பொறுப்பை நான் மதிக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு இடத்தில். 2000-ஐ ஒட்டி வந்த ஒரிஜினல் சிடிக்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. சிடி அசலா நகலா என்று பார்க்க ஒரு டிரைவர் கோப்பை ஓஎஸ்ஸின் அடியாழத்தில் போட்டுவிடும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் விஸ்டா, 7, 8-லும் அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். ஓட்டையை அடைத்தது சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அன்றைக்கு முழு விலை கொடுத்து ஒரிஜினல் வாங்கியவரின் சிடி இன்றைக்கு ஓடாது. பூட்டை உடைத்த திருட்டு சிடியை வாங்கியவரின் கேம் ஓடுகிறது. பூட்டு போட்ட நிறுவனங்களில் எத்தனையோ, விற்பதை நிறுத்திய பிறகும் பூட்டை எடுத்துவிட ஒரு சின்ன பேட்ச் கூட விடவில்லை. காசு கொடுத்தவருக்குச் செய்த துரோகம் இது.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்கே 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை என்றது அது. விற்கவும் மாட்டேன், அடுத்தவர் பாதுகாக்கவும் விடமாட்டேன் என்பது என்ன நியாயம்? இட் சாஃப்ட்வேர் (id Software) என்ற நிறுவனம் 1993-ல் ‘டூம்’ வெளியிட்டது, 1997-லேயே அதன் கோடை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. டூம் இன்றைக்கு ஓடாத மெஷின் இல்லை. 2025-ல் இஏ நிறுவனம் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ வரிசையில் சில கேம்களின் கோடைத் திறந்திருக்கிறது. செய்ய மனம் இருந்தால் முடிகிறது. ‘ஜிஓஜி’ என்ற போலந்து நிறுவனம் 2008-லிருந்து பழைய கேம்களைப் பூட்டு இல்லாமல், புது விண்டோஸுக்குத் தயார் செய்து விற்கிறது. அங்கே கிடைத்தால் காசு கொடுத்து வாங்குங்கள், நான் கடையில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன்.

நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை எழுதிய ஜோர்டன் மெக்னரிடமே அதன் அசல் கோடு பல வருடங்கள் இல்லை. 2012-ல் அவருடைய அப்பா பழைய பெட்டி ஒன்றில் ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்து அனுப்பினார். நல்லவேளை, அவர் அதைக் குப்பையில் போடவில்லை.

பெரியவர் கதையை முடிக்கிறேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த பின்பால் ஃபோல்டரைக் காப்பி செய்து ஓட்டிக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். ஆனால் முகத்தில் ஏதோ குறை. “இதுல பேரு வருமே தம்பி, பாயிண்டோட?” என்றார்.

அப்போதுதான் புரிந்தது. பின்பாலின் ஹை ஸ்கோர் அந்த ஃபோல்டரில் இருக்காது, விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். மெஷினோ செத்துவிட்டது. அதன் 40 ஜிபி பழைய ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி கன்வெர்ட்டரில் மாட்டினேன். கரகரவென்று சத்தம் போட்டது, ஆனால் திறந்தது. அவருடைய யூசர் ஃபோல்டரில் இருந்த, ரெஜிஸ்ட்ரியில் அவர் பங்கை வைத்திருக்கும் என்டியூசர் ஃபைலை என் மெஷினின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஏற்றி, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், பிளஸ், பின்பால் என்று உள்ளே போனால், இருந்தது. ஐந்து பெயர், ஐந்து ஸ்கோர், கூடவே சரிபார்ப்புக்கு ஒரு எண். அதையும் விடாமல் எக்ஸ்போர்ட் செய்து, நோட்பேடில் பாதையை மட்டும் மாற்றி லேப்டாப்பில் சேர்த்தேன்.

பட்டியலைத் திறந்ததும் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். முதல் நாலு இடத்திலும் ஒரே பெயர். “என் பொண்ணு. பிளஸ் டூ படிக்கறப்ப” என்றார். ஐந்தாவது இடத்தில் பெயர் இல்லை, ‘பிளேயர் 1’ என்று மட்டும் இருந்தது.

“அது நான்தான். அப்ப எனக்குப் பேரு அடிக்கத் தெரியாது.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து ஸ்பேஸ் பாரில் விரலை வைத்தார்.