டெம்பிள் கூலி: ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்

நல்ல வெள்ளைக்காரர், கெட்ட வெள்ளைக்காரர் என்று பிரித்துப் பேசுவது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம். பென்னிகுவிக், ஆர்தர் காட்டன், தாமஸ் மன்றோ எல்லாம் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் ஒரு மாகாணம் எப்படி ஆளப்பட்டது என்பதை இந்தப் பிரிப்பு விளக்காது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், குறிப்பாக பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் பெயர் வரும்போதெல்லாம், எனக்கு இது மேலும் உறுதியாகிறது.

முதலில் பீகார். 1873-ல் அங்கே மழை பொய்த்து நெல் போனது. அதற்கு ஏழு வருஷம் முன்புதான் ஒரிசாவில் பத்து லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். அந்த அவமானம் மனசில் இருந்ததால் வைஸ்ராய் நார்த்புரூக் இந்த முறை பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை. நிவாரணத்தைக் களத்தில் நடத்தியவர் டெம்பிள். 1874-ல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராகவும் ஆனார். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி கப்பலில் வந்தது. ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உழைக்கத் தெம்பு இருந்தவர்களுக்கு வேலையும் இல்லாதவர்களுக்குச் சோறும் கிடைத்தது. பட்டினிச் சாவு என்று சொல்லும்படி பெரிதாக எதுவுமே நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் இது எவ்வளவு பெரிய காரியம்! அதற்காக அவருக்குக் கிடைத்தது ஏச்சுதான். அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்துவிட்டார், வியாபாரிகள் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்துவிட்டது என்று லண்டனிலும் கல்கத்தாவிலும் விடாமல் திட்டினார்கள்.

1876-ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அப்போது இங்கே கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். அவர் கொஞ்சம் பயந்துபோய், அரசாங்கப் பணத்தில் ரகசியமாகத் தானியம் வாங்க ஆரம்பித்தார். புதிய வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் செலவைக் கட்டுப்படுத்த லிட்டன் சென்னைக்கு ஒருவரை அனுப்பினார். அவர்தான் டெம்பிள்.

மூன்றே வருஷம் முன்பு ஊதாரி என்று பெயர் வாங்கிய மனிதர் இந்த முறை அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார். உடம்பில் தெம்பு இருப்பவர்கள் என்று சொல்லிப் பெரும் கூட்டத்தை, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்து நடத்திய நிவாரண வேலைகளிலிருந்து வெளியேற்றினார்கள். மீதிப் பேருக்குக் கூலி குறைந்தது. ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு). பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அதையும்விடக் குறைவு. இதற்குத்தான் 'டெம்பிள் கூலி' என்று பெயர்.

450 கிராம் அரிசியில் சுமார் 1,600 கலோரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள். வேலைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பல மாதம் அரைவயிற்றோடு இருந்தவர்கள். பம்பாய் மாகாணத்தில் இதே கூலியை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைத்தளத்தை விட்டே வெளியேறினார்கள்.

சென்னையில் இதை எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். இவரை நாம் மறந்தே போனோம் என்பதுதான் என் பெரிய ஆதங்கம். இந்த மாகாணத்து மக்கள் எந்த மாவட்டத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை 1860களிலேயே ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் அவர். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது 680 கிராம் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். டெம்பிள் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனாலும் சில வாரங்களுக்குள் சென்னை அரசாங்கம் கார்னிஷ் பக்கம் ஓரளவு சாய்ந்தது. மார்ச்சில் தானியம் சுமார் 570 கிராமாக உயர்ந்தது, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அதற்குள் போன உயிர்களை யார் எண்ணினார்கள்?

பக்கிங்ஹாமை நல்லவர் பட்டியலில் சேர்க்கவும் எனக்கு மனசில்லை. கல்கத்தாவிலிருந்த வைஸ்ராய் அரசாங்கம் கண்டித்ததும் அடங்கிப்போனவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் தானியம் இறங்கிக்கொண்டே இருந்தது, ரயில் உள்ளே கொண்டும் போனது. விற்ற விலைக்கு வாங்கத்தான் கூலிக்காரன் கையில் காசு இல்லை. அதே 1877-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை ஏற்றுமதியானது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க அப்போது வெட்டிய கால்வாய்க்கு வைத்தது கவர்னர் பெயர். திருமயிலை ரயில் நிலையத்துக்குக் கீழே இன்றைக்குச் சாக்கடையாகத் தேங்கி நிற்கிறதே, அதுதான். நிவாரணக் கூலிக்கு அதை வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சேலம் மாவட்டக் கணக்கைப் பாருங்கள். அன்றைய சேலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம் பேர், 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இல்லை. பிழைக்க வழி தேடி இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல் தாண்டியும் போனவர்கள் உண்டு. செத்தவர்கள்தான் அதிகம், பட்டினியிலும் காலராவிலும், மழை திரும்பிய பிறகு வந்த காய்ச்சலிலும்.

டெம்பிள் அதே 1877-ல் பம்பாய் கவர்னராகப் பதவி உயர்ந்தார். உயிரைக் காப்பாற்றியபோது ஏச்சு, கஜானாவைக் காப்பாற்றியபோது பதவி. ஆட்சி எதை விரும்பியது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம் என்று நினைக்கிறேன். மேலே இருந்தவர்கள் அரக்கர்களாக இருந்துதான் இது நடந்தது என்று எண்ண வேண்டியதில்லை. பீகாரில் என்ன செய்தால் மக்கள் பிழைப்பார்கள் என்று டெம்பிளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே இங்கே செய்யாமல் விட்டார்கள். அதனால்தான் என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

பள்ளிப் பாடத்தில் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், பீகார் 1874-ஐயும் சென்னை 1877-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தர வேண்டும். கார்னிஷ் பெயரும் அதில் வர வேண்டும். சேலம், தருமபுரி, கோவைப் பக்கத்து நண்பர்கள் யாராவது வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்த ஊர், என்ன சாப்பிட்டார்கள், எந்தக் குளத்தில், எந்த ரோட்டில் மண் சுமந்தார்கள் என்று நினைவிருப்பதை அப்படியே எழுதினால் போதும்.