நாலு போல்ட்டும் ஒரு மீன் கறியும்

மீன் கறிச் சட்டி காடியில் (காரில்) கவிழ்ந்து மூன்று நாள். மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் வெயிலில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பூனைதான் முதலில் ஓடி வருகிறது. சரி, சீட்டைக் கழற்றிக் கழுவுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். பின்சீட்டு பரவாயில்லை, முன்விளிம்பைப் பிடித்து மேலே இழுத்ததும் கிளிப் விட்டுவிட்டது. முன்சீட்டுதான் உயிரை வாங்கியது. 14 எம்எம் போல்ட்டு நாலு. மூன்று கழன்றன, துருப்பிடித்த நாலாவது என் விரல் தோலைத்தான் கழற்றியது. அடியில் மஞ்சள் கனெக்டர் வேறு! ஏர்பேக் ஒயராம், பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகுதான் அதைத் தொடவே வேண்டும். காத்திருந்தால், "ஏங்க, இன்னுமா முடியல?" என்று உள்ளேயிருந்து குரல். சட்டியை மடியில் வைத்துக்கொள்ளாமல் சீட்டில் வைத்தது யாராம்?