26 வார விடுப்பு ஆபீஸ்காரர்களுக்கு மட்டுமா?

“26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு ஆபீஸ் வேலைக்குத்தான், தேயிலைத் தோட்டத் தினக்கூலிக்குக் கிடையாது” என்று குன்னூர், கூடலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு. 1961 பேறுகாலப் பலன் சட்டத்திலேயே தோட்டங்களும் இருந்தன. 12 வாரம் 26 ஆனது 2017-இல். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால்தான் 12. தினக்கூலிக்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

பிரசவத் தேதிக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதனால் கொழுந்து நிறுக்கும்போது செக்ரோலில், அதாவது வருகை ஏட்டில், உங்கள் பேர் ஏறுகிறதா பாருங்கள். அக்கா பேரில் தங்கை பறித்தால், ஏட்டில் அந்த நாள் அக்காவுக்குத்தான்.

வேலைக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. அப்பாக்களுக்கு? தனியார் வேலையில் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் அதைச் சொல்லியிருந்தால் உண்மையாகவாவது இருந்திருக்கும்.