காலுக்கு எதுக்குக் கால் மணி?

(பூங்காவின் ஓரம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. புல் முழுக்க உறைபனி வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது. முரளி டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். மரகதம் சித்தி குல்லா, கம்பளிச் சட்டை, தோளில் துணிப்பை சகிதம் வருகிறார். ஷூ கையில் இருக்கிறது.)

சித்தி: என்னடா, மீன் ஏதாவது மாட்டுச்சா?

முரளி: கிண்டல் பண்ணாதீங்க சித்தி. இயற்கையோட இணைஞ்சுட்டு இருக்கேன்.

சித்தி: ஒத்தக் காலுலயா?

முரளி: இன்னொரு காலு இப்பதான் இணைஞ்சு முடிச்சுது. ஓய்வுல இருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க, இந்த ஃபோனைப் பிடிங்க. காலு மட்டும் வர்ற மாதிரி ஒரு வீடியோ எடுங்க, முகம் வேணாம். அப்படியே இந்தப் புல்லு மேல அரை மணி நேரம் நடக்கப் போறேன்.

சித்தி: இதுக்கு முன்னாடி வெறுங்காலோட எங்கெல்லாம் நடந்திருக்க?

முரளி: பாத்ரூம் வரைக்கும்.

சித்தி: சரி. செருப்பு எங்க?

முரளி: வீட்டுல. கையில இருந்தா மனசு அலைபாயும்னு விட்டுட்டு வந்துட்டேன்.

சித்தி: அப்ப வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும்?

முரளி: ரோட்டோரமாத்தான். அங்க உப்பு தூவி வெச்சிருக்காங்களா, பனியே இல்ல. சொதசொதன்னு சேறு மாதிரி இருந்துச்சு. அதுலயே நடந்து வந்தேன்.

சித்தி: ஊருல இருக்கற தரையிலேயே மோசமான தரையாப் பாத்துப் பொறுக்கியிருக்க. உப்பு பனியை உருக்கும்டா, சூடாக்காது. நல்ல தண்ணி பூஜ்யத்துல உறைஞ்சிடும். உப்புத் தண்ணி பூஜ்யத்துக்குக் கீழயும் தண்ணியாவே ஓடும், உப்பு கெட்டியா இருந்தா மைனஸ் 21 வரைக்கும். ஐஸை விடக் குளிர்ந்த தண்ணியில காலை நனைச்சுட்டு வந்து நிக்கற. அதான் ஒரு காலு சம்மன் வந்த மாதிரி மேல போயிடுச்சு.

முரளி: ஆனா ஃபோன்ல 3 டிகிரின்னுதானே காட்டுது?

சித்தி: அது ஆளுயரத்துல இருக்கற காத்தோட கணக்கு. உன் காலு ஆளுயரத்துலயா இருக்கு? ராத்திரி மேகமே இல்ல. தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடுச்சு. மேல 3 டிகிரி, கீழ புல்லு உறைஞ்சு கிடக்கு. வெறுங்கால்ல நடக்கறவன் ஃபோனைப் பாத்துக் கிளம்பக் கூடாது. குனிஞ்சு புல்லைத் தொட்டுப் பாக்கணும். உக்காரு அந்த பெஞ்சில.

முரளி: பெஞ்சும் ஜில்லுன்னு இருக்கு சித்தி.

சித்தி: (பையிலிருந்து ஒரு பழைய ஃபோம் பாய்த் துண்டை எடுக்கிறார்) இதுல காலை வை. இந்தா துண்டு, துடை. விரல் இடுக்குலயும் துடை. ஈரம் இருந்தா காத்தை விட 25 மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சிடும். இந்தக் கம்பளி சாக்ஸை மாட்டு. இப்ப இந்தப் பாய் மேலயே நின்னு பத்து நிமிஷம் உக்காந்து எழுந்திரு.

முரளி: நடக்க வந்தவனைத் தோப்புக்கரணம் போடச் சொல்றீங்களே!

சித்தி: குளிர்ல வெறுங்கால் நடைக்கு முதல் விதியே, காலு சூடா இருக்கறப்பதான் செருப்பைக் கழட்டணும். ஜில்லிட்ட காலோட ஆரம்பிச்சா, நேரம் முடிஞ்சப்புறம் கடை திறந்த கதைதான். அப்புறம் என்ன இது டி-ஷர்ட்டு?

முரளி: இயற்கைன்னா முழுசா...

சித்தி: இயற்கைக்குக் காலு மட்டும் போதும், மிச்சத்தைப் போத்திக்க. உடம்பு எப்படி யோசிக்கும் தெரியுமா? நெஞ்சும் வயிறும் குளிர்ந்தா, உள்ள இருக்கற உறுப்பைக் காப்பாத்தறதுக்காகக் கை காலுக்குப் போற ரத்தக் குழாயைச் சுருக்கிடும். மேல்மாடியில தண்ணி பத்தலைன்னா கீழ்வீட்டுக் குழாயை அடைக்கற மாதிரி. மேல் உடம்பு வேர்க்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிங்கற அளவுக்குக் கதகதப்பா இருந்தாத்தான் அது பாதத்துக்குத் தாராளமா ரத்தம் விடும். கால் குளிருதுன்னா குல்லா போடுன்னு சொல்றது அதான். இந்தா, என் சால்வையைச் சுத்திக்க.

(பத்து நிமிடம் கழித்து.)

முரளி: சித்தி, இப்ப காலு கதகதன்னு இருக்கு. அரை மணி வேணாம், ஒரு கால் மணி நேரம் நடக்கட்டுமா?

சித்தி: காலுக்கு எதுக்குக் கால் மணி? அரைக்காலே அதிகம். முதல் நாள் மாகாணி.

முரளி: மாகாணியா?

சித்தி: ஒரு மணியைப் பதினாறாப் பிரி. மூணே முக்கால் நிமிஷம்.

முரளி: அதுலயும் ஒரு கால் வருது பாருங்க!

சித்தி: அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. சொல்லப் போனா 10 டிகிரிக்கு மேல இருக்கறப்பவே ஆரம்பிச்சு, வாரம் மூணு நாலு தடவை நடந்து, குளிர் ஏற ஏற காலையும் கூடவே கூட்டிட்டு வந்திருக்கணும். நீ நேரா உறைபனியில வந்து குதிக்கற. செபாஸ்டியன் க்னைப்னு ஒரு பவேரியாப் பாதிரியார், 1821-லேர்ந்து 1897 வரைக்கும் இருந்தவர், தண்ணி வைத்தியத்துக்குப் பேர் போனவர். ஈரப் புல்லுல, புதுப் பனியில எல்லாம் ஜனங்களை நடக்க விட்டவர். அவரே பனியில மூணு நாலு நிமிஷம்தான் சொல்லுவார். அதுவும் நிக்கவே கூடாது, நடந்துட்டே இருக்கணும்னு. முடிஞ்ச உடனே காஞ்ச சாக்ஸு, ஷூ, சூடேறற வரைக்கும் நடை.

முரளி: அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ல மாரத்தானே வெறுங்கால்ல ஓடித் தங்கம் வாங்கினாரே?

சித்தி: செப்டம்பர் மாசத்துல. ரோம்ல. அதோட, அவரு பாத்ரூம் வரைக்கும் நடந்து பயிற்சி எடுத்தவர் இல்ல. சாக்ஸைக் கழட்டு, கிளம்பு. ஏய், ஏய், ஷூ போட்ட மாதிரி குதிகாலைத் தொப்புன்னு போடாத! அடி சின்னதா வை. முன்பாதம் மெல்லப் படட்டும். எடுக்கறப்ப நேரா மேல தூக்கு, பின்னாடி உந்தாத, திருகாத.

முரளி: திருகினா?

சித்தி: தோலு தேயும். ஈரத்துல ஊறின உள்ளங்கால் சீக்கிரம் உரியும். குளிர்ல மரத்துப் போனா அது உரியறதும் உனக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய்த் தரையில செவப்பா கோலம் விழுந்தப்புறம்தான் தெரியும். நேரா தூக்கி வெச்சா அந்த வம்பே இல்ல.

முரளி: ஆ... ஸ்ஸ்... சித்தி, சுருக்குன்னு குத்துது!

சித்தி: நல்லது. பேசுது.

முரளி: ஆ ஆ ஆ... வலிக்குது!

சித்தி: நல்லாப் பேசுது. அந்தக் கல்லு மேல ஏறாத, கல்லு சூட்டைச் சட்டுனு உறிஞ்சும். இரும்பு மூடி பக்கம் போகவே போகாத, ஈரக் காலு உறைஞ்ச இரும்புல ஒட்டிக்கும். அப்புறம் உன்னைப் பிரிச்செடுக்க வெதுவெதுன்னு தண்ணி தேடணும். புல்லுலயே வா. விரலை மடக்கி மடக்கி நீட்டு.

முரளி: (கொஞ்ச தூரம் போய், முகம் மலர்ந்து) சித்தி! வலி போயே போச்சு! பழகிடுச்சு!

சித்தி: நில்லு. பாய் மேல வா. இது பழகினது இல்ல, ஃபோன் வயரை அறுத்துட்டு ஊரே அமைதியா இருக்குங்கற மாதிரி. தோலு 10 டிகிரி பக்கம் இறங்கினாலே தொடு உணர்ச்சி மழுங்க ஆரம்பிச்சிடும். குளுருது, சுருக்குங்குது, வலிக்குதுன்னா இன்னும் பேச்சுவார்த்தை நடக்குதுன்னு அர்த்தம். வலி அதுவா நின்னுச்சுன்னா அப்பத்தான் பயப்படணும்.

முரளி: கொஞ்ச நேரத்துல தானா சூடாகும்னு வீடியோவுல சொன்னாங்களே?

சித்தி: அதுவும் பொய் இல்ல. 1930-லயே தாமஸ் லூயிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், ஐஸ் தண்ணியில விரலை விட்டுப் பாத்து எழுதியிருக்கார். சுருங்கின ரத்தக் குழாய் அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சுத் தானாத் திறக்கும், மறுபடி சுருங்கும், மறுபடி திறக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, உடம்பே ஜில்லிட்டிருந்தா சரியாவும் வராது. வித்தியாசம் எப்படித் தெரியும்னா, நிஜமா சூடு வந்தா காலு செவந்து இருக்கும், ஒரு புல்லு உரசினாலும் தெரியும். பொய்யா வந்தா வெளுத்து, மெழுகு மாதிரி, கட்டை மாதிரி இருக்கும். காட்டு. கண்ணை மூடு. எந்த விரலைத் தொடறேன்?

முரளி: கட்டை விரல்.

சித்தி: சுண்டு விரல்.

முரளி: பக்கத்து வீடுதானே!

சித்தி: நடுவுல மூணு வீடு இருக்கு! இப்ப அழுத்தறேன் பாரு. வெளுத்த இடம் திரும்ப செவக்க எத்தனை நேரம் ஆகுது... ம், வருது. மெதுவா வருது. இன்னிக்கு உன் கணக்கு முடிஞ்சுது. ரெண்டரை நிமிஷம்.

முரளி: மாகாணி கூட இல்லையா! வாத்து மட்டும் ஐஸ் மேலயே நின்னுட்டு இருக்கே சித்தி, அதுக்கு யாரு கணக்கு பாக்கறா?

சித்தி: வாத்துக்குக் கால்ல இறங்கற சூடான ரத்தமும் ஏறி வர்ற குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில போகுது. இறங்கறது தன் சூட்டை ஏறறதுக்குக் குடுத்துடும். பாதம் எப்பவும் ஜில்லுன்னே இருக்கும், அதனால இழக்கறதுக்குச் சூடும் கம்மி. உனக்கு அந்த வசதி வாத்து அளவுக்கு இல்ல. வாய் மட்டும்தான் வாத்து.

முரளி: இன்னொண்ணு கேக்கணும். பூமியிலேர்ந்து எலக்ட்ரான் உள்ளங்கால் வழியா ஏறி வியாதியெல்லாம் போக்கிடுமாமே?

சித்தி: சொல்றாங்க. நம்பற அளவுக்கு நிரூபணம் ஏதும் இல்ல. எலக்ட்ரான் ஏறுதோ இல்லையோ, முள்ளு ஏறும். டெட்டனஸ் ஊசி பத்து வருஷத்துக்குள்ள போட்டிருக்கியா பாத்துக்க.

முரளி: அப்ப இதுல இயற்கையோட இணையறதுன்னு ஒண்ணுமே இல்லையா?

சித்தி: (கொஞ்சம் யோசித்து) காலு சூடேறட்டும். சாக்ஸைப் போடு... ம். இப்ப கழட்டு. என் பின்னாடி பத்தே அடி வா. பாக்காம வா. இது வெட்டவெளிப் புல்லு. எப்படி இருக்கு?

முரளி: மொறுமொறுன்னு. கண்ணாடித் தூள் மாதிரி.

சித்தி: இப்ப இந்த வெறும் மண்ணு.

முரளி: ஐய, உடையுது! ஏதோ நொறுங்குது.

சித்தி: ஈர மண்ணுலேர்ந்து தண்ணி மேல ஏறி உறைஞ்சு ஊசி ஊசியா நிக்குது. மண்ணையே தூக்கிப் பிடிச்சிருக்கு பாரு. ஷூ போட்டா இதைச் சேறுன்னு மிதிச்சுட்டுப் போயிருப்ப. இப்ப இந்த மரத்தடிக்கு வா.

முரளி: ...சித்தி, இங்க குளிரவே இல்லையே! யாராவது அடுப்பு வெச்சிருந்தாங்களா?

சித்தி: கிளை மேல கூரை மாதிரி இருக்கா, தரையோட சூடு நேரா வானத்துக்குப் போகல. அதுக்கு மேல காஞ்ச சருகு மெத்தை, உள்ள பூராவும் காத்து. மூணு அடி தள்ளி உறைபனி, இங்க சொட்டுப் பனி இல்ல. அந்தக் கோட்டைக் கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி காலு கண்டுபிடிச்சிடுச்சு. நான் தினம் இதுக்குத்தான் வர்றேன், எலக்ட்ரானுக்கு இல்ல.

முரளி: (கண்ணை மூடி நின்றபடி) இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு.

சித்தி: நின்னா மறுபடி மரத்துப் போகும். வா, துடை, சாக்ஸு. அப்புறம் கேளு, வீட்டுக்குப் போன உடனே ஹீட்டர் முன்னாடி காலை நீட்டிடாத. வெந்நீர்ப் பையும் வைக்காத. மரத்த காலு சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். சட்டுனு சூடு காட்டினா, சில மணி நேரத்துல விரல் செவந்து வீங்கி அரிக்கவும் செய்யும். சில்பிளெய்ன்னு பேரு, உறையாத குளிர்லயே வரும். நடந்தே சூடேத்து.

முரளி: வெளுத்தது வெளுத்தாப்புலயே இருந்தா?

சித்தி: அது விளையாட்டு இல்ல. தேய்க்கக் கூடாது, பனியை வெச்சுத் தேய்க்கறது அதை விட முட்டாள்தனம். 37-லேர்ந்து 39 டிகிரி தண்ணியில காலை வெச்சுட்டு டாக்டர்கிட்ட போகணும். போற வழியில திரும்ப உறையற மாதிரி இருந்தா இளக்கவே கூடாது. ஆமா, உங்கப்பாவும் நாளைக்கு வர்றேன்னு சொன்னாரா?

முரளி: ஆமா, ஆசையா இருக்காரு.

சித்தி: சர்க்கரை இருக்கே அவருக்கு? கால் எரிச்சல், மதமதப்புன்னு வேற சொல்றாரு. வரவே வேணாம்னு சொல்லு. அவரு காலு குளிர் இல்லாமலே பேச்சைக் குறைச்சுடுச்சு. ரத்தக் குழாய் அடைப்பு இருக்கறவங்களும், குளிர்ல விரல் வெளுத்து நீலமாகற ரேனோ தொந்தரவு இருக்கறவங்களும் கூடத்தான். மரத்தடியில பெஞ்சு இருக்கு, ஷூவோட வந்து உக்காரட்டும்.

முரளி: சரி சித்தி. நான் கிளம்பறேன்.

சித்தி: எதுல?

முரளி: ...ஆமா. எதுல?

சித்தி: (பைக்குள் கை விடுகிறார்) நடந்து முடிச்சப்புறம் இறுக்கமா ஷூ போட்டா ரத்தம் ஓடாதுன்னு, லூசா கதகதப்பா ஒண்ணு எப்பவும் வெச்சிருப்பேன். பேத்தி குடுத்தது. நான் ஷூ போட்டுக்கறேன், நீ இதைப் போட்டுட்டுப் போ.

(ரோஸ் நிறம். பஞ்சு வைத்தது. இரண்டிலும் முயல் காது. முரளி போட்டுக்கொள்கிறான். நடந்தால் காது ஆடுகிறது.)

சித்தி: வா, அந்த வீடியோவை எடுத்துடலாம். காலு மட்டும்தானே?

முரளி: வேணாம் சித்தி. முகம் மட்டும் எடுங்க.