‘யாருக்கும் தெரியாது’ என்றால், அந்த யார் யார்?

ஞாயிறு மாலை நடந்த இணையவழி உரையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்கள் என் பின்னூட்டத்துக்கு வந்த பதில்களையாவது இதற்குள் பார்த்திருப்பீர்கள். உரையாளர் நன்றாகப் பேசினார், அதில் எனக்கு மறுப்பில்லை. கனடாவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைக் கண்டுபிடிக்க 1845 மே மாதம் பிரிட்டிஷ் கடற்படையின் சர் ஜான் பிராங்க்ளின் எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்களுடன் புறப்பட்டதையும், மூன்றாண்டுக்கான உணவோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை ஏற்றிக்கொண்டதையும், பனியைப் பிளக்க ரயில் இன்ஜினைக் கப்பலுக்குள் பொருத்தியதையும் கண்முன் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் கப்பல்களில் போன 129 பேருக்கு என்ன ஆயிற்று என்பது முதல் கப்பல் கண்டெடுக்கப்பட்ட 2014 வரை உலகில் யாருக்கும் தெரியாது என்றார். அந்த ‘யாருக்கும்’தான் இன்னும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பார்த்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள் என்றுதான் பின்னூட்டம் போட்டேன்.

தெரியும் ஐயா. அந்தப் பனிநிலத்தில் வாழ்ந்த இனுயிட் மக்களுக்குத் தெரியும். நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரியும். கேட்டவர்களிடம் சொல்லவும் சொன்னார்கள்.

1854இல், கனடாவில் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் மருத்துவரான ஜான் ரே, பெல்லி விரிகுடாப் பகுதியில் இனுயிட் மக்களைச் சந்தித்தார். வெள்ளையர் கூட்டம் ஒன்று படகை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்ததையும், பட்டினியால் செத்து விழுந்ததையும், கடைசியில் இறந்தவர்களின் உடலையே உண்ணும் நிலைக்கு வந்ததையும் அவர்கள் சொன்னார்கள். வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. பிராங்க்ளினின் பெயர் பொறித்த வெள்ளித் தகட்டையும் அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளையும் ரே அவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொண்டு லண்டன் திரும்பினார்.

லண்டன் என்ன செய்தது? பொருள்களை நம்பியது, அவற்றைக் கொடுத்தவர்களை நம்பவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் தமது வார இதழில், ஆங்கிலேய மாலுமி நரமாமிசம் உண்ண மாட்டான், இந்தக் காட்டுமிராண்டிகளின் பேச்சை எப்படி நம்புவது, இவர்களே அவர்களைக் கொன்றிருக்கலாமே என்ற ரீதியில் எழுதினார். ஏழைகளுக்காக உருகிய அதே பேனாதான். பிராங்க்ளினின் மனைவியான சீமாட்டி பிராங்க்ளினும் ரேயை மன்னிக்கவில்லை. அறிவிக்கப்பட்டிருந்த 10,000 பவுண்டு பரிசு அவருக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. சர் பட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

எழுத்துச் சான்றும் 1859இலேயே கிடைத்துவிட்டது. கப்பல்கள் சிக்கிய இடத்துக்கு அருகிலுள்ள கிங் வில்லியம் தீவில், குழுவினர் ஒரு கற்குவியலில் விட்டுச்சென்ற ஒற்றைத் தாளில், 1847 மே மாதம் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றி 1848 ஏப்ரலில், பிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்றே இறந்தார், அவரோடு சேர்த்து 24 பேர் இறந்துவிட்டார்கள், 1846 செப்டம்பரிலிருந்து பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டு மீதி 105 பேர் நாளை தெற்கே பேக் ஆற்றை நோக்கி நடக்கிறோம் என்று நெருக்கி எழுதியிருந்தது. அந்த நடை எங்கே, எப்படி முடிந்தது என்பதைத் தாள் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் இனுயிட்கள். ஆக, ‘யாருக்கும் தெரியாது’ என்பது வெள்ளைக்காரனின் கணக்குப்படியே தவறு.

வாய்மொழிக் கதை ஆதாரமாகுமா என்று என் பின்னூட்டத்துக்கு வந்த பதில்களில் கேட்டிருக்கிறார்கள். ஒரு பகுதி நியாயம்தான். ரேயிடம் பேசியவர்கள் நேரில் பார்த்தவர்கள் அல்லர், பிறர் சொல்லக் கேட்டவர்கள். அதனால் என்ன? அந்த மாலுமிகளின் எலும்புகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வு அவற்றில் கத்திக் கீறல்களைக் காட்டியது. அந்தத் தாளில் கையெழுத்திட்ட எரபஸ் தலைவர் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடையெலும்பு 2024இல் மரபணுவைக் கொண்டு அடையாளம் காணப்பட்டபோது, அதிலும் கீறல்கள் இருந்தன. 170 ஆண்டுகளுக்கு முன்பு சொன்னது அப்படியே.

தெரிந்திருந்தால் அவர்கள் ஏன் காப்பாற்றவில்லை என்று இன்னொருவர் கேட்டு, கீழே சிரிப்புப் படமும் போட்டிருக்கிறார். அதே தீவின் வாஷிங்டன் விரிகுடா அருகே பசியில் நடந்து வந்தவர்களைச் சில இனுயிட் குடும்பங்கள் சந்தித்தன, கடல்நாய் இறைச்சி கொடுத்தன, மறுநாள் காலையில் விலகிப் போய்விட்டன. பனியில் ஒரு மூச்சுத்துளை அருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து ஒரு கடல்நாயைப் பிடிக்கிற குடும்பம், தன் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு படைக்கே எப்படிச் சோறு போடும்? உலகின் பெரிய கடற்படை அனுப்பிவைத்தவர்களை அந்தப் பெண்களும் பிள்ளைகளும் காப்பாற்றியிருக்க வேண்டுமாம்! இதற்கு மேல் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு வாசகர் கூட்டத்தில் பிராங்க்ளினைப் பற்றிப் பேசி, மர்மம், மர்மம் என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன். முடிந்ததும், சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் எழுந்து, “தம்பி, அந்தக் கரையில ஆளுங்களே கிடையாதா? கேட்டுப் பாக்கலையா?” என்றார். இருந்தார்கள் ஐயா என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அந்தத் தீவுக்குத் தெற்கே, உட்ஜுலிக் என்று இனுயிட்கள் அழைக்கும் பகுதியில் ஒரு கப்பல் மூழ்கியது, அதன் பாய்மரங்கள் நீருக்கு மேலே தெரிந்தன என்று அவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார்கள். 2014இல் எரபஸ் அந்தப் பகுதியில்தான், வெறும் 11 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. கிங் வில்லியம் தீவிலுள்ள க்யோவா ஹேவன் என்ற இனுயிட் ஊரைச் சேர்ந்த லூயி கமூகாக் தம் வாழ்நாளெல்லாம் முதியவர்களிடம் இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவர். அதே ஊர்க்காரரான சாமி கொக்விக், பனியில் பாய்மரம்போல நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரக்கட்டையைப் பார்த்துப் படம் எடுத்தார். கேமரா தொலைந்ததால், நல்ல சகுனம் இல்லை என்று சில ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. 2016இல் அவர் சொன்ன இடத்தில் டெரர் இருந்தது. அந்த விரிகுடாவின் பெயரே டெரர் விரிகுடா! உரையில், கடலடியை ஒலியலையால் தேடும் சோனார் கருவிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. கமூகாக்குக்கும் கொக்விக்குக்கும் ஒரு வரியும் கிடைக்கவில்லை.

எதிலும் அரசியல் பார்க்கிறேன் என்கிறார்கள். பார்த்தவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்குப் பெயர் அரசியல் என்றால், அது என்னிடம் இருக்கட்டும். நான் எழுதியது நான்கு வரி, மரியாதையாகத்தான் எழுதினேன். ‘பொறாமை’ என்று வந்த பதிலுக்குக் கிடைத்த விருப்பக்குறிகளில், இத்தனை காலம் நண்பர்கள் என்று நினைத்திருந்த சிலரின் பெயர்களையும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அமுண்ட்சென்னைப் பற்றிய உரையாம். வடமேற்குக் கடல்வழியைக் கப்பலில் முதலில் கடந்தவர் அவர். 1903 முதல் இரண்டு குளிர்காலம் அதே க்யோவா ஹேவனில் தங்கி, நாய் வண்டி ஓட்டவும் தோலாடை அணியவும் அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்கலாம் என்றிருந்தேன். அழைப்பு எல்லோருக்கும் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை.